ஒன்பதாவது பாயிண்டும் ஒரு பந்தும்

போன வாரம் என் போனுக்கு ஒரு தாளின் படம் வந்தது. துறைமுகப் பாதுகாப்புப் பிரிவின் நாய்ப்படையில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் அனுப்பியிருந்தார்கள். ஓய்வு பெறுகிற நாயைத் தத்தெடுக்கும் குடும்பங்களுக்கு இனிமேல் அச்சடித்துக் கொடுக்கப் போகிற அறிவுரைத் தாள் அது. மொத்தம் பன்னிரண்டு பாயிண்ட். "செலினக்கா, சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

பதினொன்று சரி. ஒன்பதாவது தப்பு. "முந்தைய பணியை நினைவூட்டும் பொருள்கள், சொற்கள், நபர்கள் ஆகியவற்றைத் தவிர்த்து, நாய் பழையவற்றை மறக்க உதவவும்." நான் வேலையில் இருந்த காலத்தில் டைப் அடித்து ஒட்டியிருந்த அதே வரி, வார்த்தைகூட மாறவில்லை. இந்த வரிக்காக மெமோ வாங்கியவள் நான். தப்பு என்று மெமோ வாங்கும்போதே சொன்னேன், இன்றைக்கும் சொல்லுகிறேன். ஏன் என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் நாயை நடத்திக்கொண்டு போனவள் இல்லை. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாரும் சொல்லி என்னை மட்டம் தட்ட வேண்டாம். நான் நாய்களுக்குச் சோறு ஆக்கியவள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நெஞ்சுவலியில் ஒரே நாளில் போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். பத்தாவது வரை படித்திருந்ததால் ஆபீசில் ஒரு மேசை கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். கொண்டுபோய் நாய்க்கூடத்துக் குசினியில் விட்டார்கள். எங்கள் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "ஏளா செலினு, நாய்ச் சோத்துக்கு உப்பு பாக்கது யாரு, நீதானா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நாய்க்கு உப்பு போடக் கூடாதுளா. நீ நல்லாப் போட்டுச் சாப்பிடு, கொஞ்சம் ரோசமாவது வரும்" என்றேன்.

அந்தக் குசினியில்தான் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன்.

வேலை படித்ததெல்லாம் ஒரே தப்பில் படித்ததுதான். சேர்ந்த முதல் வாரம், காலையில் கறி வேகிற வாசனைக்கு ஒரு நாய் கம்பிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பாவமாக இருந்தது. ஒரு துண்டை ஊதி ஆற்றிக் கொடுத்துவிட்டேன். அன்று கப்பலுக்கு ஏறுகிற சாமான்களைச் சோதிக்கக் கூட்டிப் போனால், அது ஒரு பெட்டியைக்கூட ஒழுங்காக மோந்து பார்க்கவில்லை. நாயை நடத்துகிறவரை எங்கள் பிரிவில் ஹேண்ட்லர் என்போம். அந்த ஹேண்ட்லர் திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை. குசினி வாசலில் நின்று, "யக்கா, இதுகளுக்கு வேலை முடிஞ்சாத்தான் சோறு. சோறு முடிஞ்சா வேலை முடிஞ்சிட்டுன்னு அர்த்தம். நீங்க காலையிலயே லீவு குடுத்துட்டீக" என்றார்.

அந்த முறையை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதை முழுக்க அதில்தான் நிற்கிறது. எங்கள் நாய்கள் வெடிமருந்து தேடுகிற நாய்கள். வாசனை பிடித்தால் குரைக்கக் கூடாது, பிராண்டக் கூடாது. அந்த இடத்துக்கு எதிரே முன்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, சத்தமில்லாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்தபடி ஒரு தரம் திரும்பி ஹேண்ட்லரைப் பார்க்கும். அவர் வந்து "ஃபினிஷ்" என்று சொல்லிப் பந்தை எறிவார். பந்தைக் கவ்வியதும் அதன் உடம்பே தளர்ந்துவிடும். பிறகு அரை மணி நேரம் ஓய்வு. ஓடி வந்த சூட்டில் தின்றால் நாய்க்கு வயிறு முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் சோறு. விடுமுறை நாளிலும் இது மாறாது. மருந்து வைத்த டப்பா ஒன்றைப் பத்துப் பைகளுக்கு நடுவே ஒளித்துத் தேடவிட்டு, பந்து எறிந்த பிறகுதான் தட்டு வரும். நான் சோற்றைப் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து, நாயின் பேர் எழுதிய தட்டில் போட்டு, ஹேண்ட்லர் கையில் கொடுப்பேன். அவர்தான் வைப்பார். இத்தனை வருஷத்தில் முறைப்படி ஒரு நாய்க்குக்கூட என் கையால் தட்டு வைத்தது கிடையாது.

மோனா லாப்ரடார் ஜாதி. வெளுத்த சந்தன நிறம். ஏழு வருஷம் துறைமுக வாசலில் நின்றாள். அவளுக்கு ஓய்வு கொடுத்தபோது, தத்து கேட்டு முதல் ஆளாக வந்தவர் பால்பாண்டி அண்ணாச்சி. கப்பல்களுக்கு மளிகைச் சாமான் சப்ளை செய்கிறவர். அவருடைய வேனை மோனா தினமும் மோந்து பார்ப்பாள். "ஏழு வருசமா என்னைச் சந்தேகப்பட்டவ. இனி எங்கூட வந்து இருந்து பாக்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். அவளுடைய ஹேண்ட்லர் முருகேசனுக்கு அதே மாதம் வேறு துறைமுகத்துக்கு மாற்றல் வந்துவிட்டது.

எங்கள் இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். என்னைப் போய் "செலின் மேடம்" என்று கூப்பிடுவார். யாருக்கு மெமோ கொடுத்தாலும், முதலில் தானே நின்று அதை முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். நாய்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், நம்பர்தான். மோனா நாலாம் நம்பர். சோதனைக்கு வந்தால் குசினி வாசற்படியைத் தாண்டி உள்ளே வர மாட்டார். நாய்க் கம்பிகளுக்கும் அவருக்கும் நடுவே எப்போதும் பத்தடி இருக்கும். பென்சிலை நீட்டி, "அந்த மூடியை எடுங்கள்" என்பார். சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நல்லவர்தான். ஆனால் தாளில் இல்லாத எதையும் நம்ப மாட்டார்.

ஒன்பதாவது பாயிண்டை எழுதியவர் அவர். மோனா கிளம்புகிற அன்று அவளுடைய பையை நான்தான் கட்டினேன். தட்டு, சீப்பு, படுக்கிற சாக்கு எல்லாம் வைத்தேன். பந்தை வைத்தேன். வாசற்படியில் நின்று பார்த்தவர், "பந்து வேண்டாம் மேடம். அது வேலைப் பொருள்" என்றார். எடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாழ்க்கையில் நான் எதிர்த்துப் பேசாமல் விட்ட இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

எட்டாம் நாள் சாயங்காலம் துறைமுக பஸ் ஸ்டாப்பில் அண்ணாச்சி எனக்காகக் காத்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"தங்கச்சி, மோனா சாப்பிட மாட்டேங்கா. தண்ணி குடிக்கா, அம்புட்டுத்தான். மொத ரெண்டு நாளு தட்ட மோந்தாவது பாத்தா. இப்பம் தட்டத் திரும்பிக்கூடப் பாக்கல. டாக்டரு வந்து பாத்துட்டு, உடம்புல ஒரு கொறையும் இல்லன்னுட்டாரு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற நடையில போயிச் செவத்தப் பாத்து உக்காந்திருக்கா. கட்டிப்போட்டா அவுத்துக்கிட்டு மறுபடி அங்கனயே போறா."

"முருகேசனுக்குப் போன் போட்டீகளா?"

"போட்டேன். அவன் கொரலக் கேட்டதும் போனுக்குப் பின்னால போயித் தேடுதா, தங்கச்சி. அப்புறம் வாசல்ல போயி ராத்திரி வரைக்கும் படுத்துக் கெடந்தா. எம் வீட்டுக்காரி சொல்லிட்டா, இத இனிமே பாத்துக்கிட்டிருக்க முடியாதுன்னு."

பதினைந்து நாளில் ஒத்துவராவிட்டால் குடும்பம் நாயைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது விதி. ஆனால் திரும்பி வருகிற நாய்க்கு எங்கள் கூடத்தில் இடம் கிடையாது. வெளியூரில் ஒரு காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பத்து வயதை நெருங்குகிற, சாப்பிடாத நாய், முன்பின் தெரியாத இடத்தில் எத்தனை நாள் இருக்கும்? அது எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டரிடம் போய், மோனாவைப் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டேன்.

"பாயிண்ட் ஒன்பது, மேடம். பழைய ஆட்கள் போகக் கூடாது. நீங்கள் போனால் அதற்கு எல்லாம் ஞாபகம் வரும்."

"ஞாபகம் போயிருந்தாத்தானே ஐயா திரும்ப வரதுக்கு?"

"விதி உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான்."

"சரிங்கய்யா. நான் மோனாவப் பாக்கப் போகல. அண்ணாச்சி கடைக்கு உளுந்து வாங்கப் போறேன். கடைக்குப் போகக் கூடாதுன்னு பாயிண்ட் இருக்கா?"

தாளில் ஒவ்வொரு பாயிண்டாகப் பென்சிலால் தொட்டுப் பார்த்தார். "இல்லை" என்றார்.

அரைக்கிலோ உளுந்து வாங்கிக்கொண்டு கடை வழியாகவே வீட்டுக்குள் போனேன். அண்ணாச்சியின் மனைவி சரசக்கா நடையில் நின்றிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "நான் ஆக்குன சோத்த வேண்டாம்னு சொன்ன மொத சீவன் இதுதான். கறி போட்டேன், மீன ஆஞ்சு போட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன். என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்காளே ஒழிய, வாய வைக்க மாட்டேங்கா. நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்?" என்றார். சோறு ஆக்குகிறவளின் வலி இன்னொரு சோறு ஆக்குகிறவளுக்குத்தான் தெரியும். நாயின்மேல் வெறுப்பில்லை அவருக்கு, அவமானம்தான்.

மோனா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். விலா எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் வாலை இரண்டு தரம் தரையில் தட்டினாள், எழுந்து வரவில்லை. முன்கால் இரண்டும் சேர்ந்திருந்தன. முதுகு நேராக இருந்தது. மூக்கு சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டையை நோக்கி நின்றது. செத்த நேரத்துக்கு ஒரு தரம் தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டு மறுபடி மூட்டையைப் பார்த்தாள்.

மூட்டையைக் கைகாட்டினேன். "அண்ணாச்சி, அந்தச் சாக்குல என்ன இருக்கு?"

"அதுவா? தீப்பெட்டி பண்டலு. கோவில்பட்டிச் சரக்கு."

தீக்குச்சி மருந்தும் எங்கள் நாய்களுக்குப் பழக்குகிற வாசனைகளில் ஒன்று. துறைமுகத்துக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது, அதனால் அண்ணாச்சியின் வேனில் அது ஏறியதே கிடையாது. வீட்டில் மலை மாதிரி கிடந்தது. வந்த அன்றைக்கே மோனா கண்டுபிடித்துவிட்டாள். முறைப்படி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, யாராவது வந்து வேலை முடிந்தது என்று சொல்லுவார்கள் என்று ஒன்பது நாளாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரும் சொல்லவில்லை. வேலை முடியாமல் எப்படிச் சாப்பிடுவாள்?

"இவ பிடிவாதம் பிடிக்கல சரசக்கா. டூட்டியில இருக்கா" என்றேன்.

பக்கத்தில் போய் "ஃபினிஷ்" என்றேன். காதை ஆட்டினாள், என் கையை நக்கினாள், மறுபடி மூட்டையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். குசினிக்காரி சொன்னால் வேலை முடியுமா? அதுவும் பந்து இல்லாமல்? அந்தப் பந்தை எடுத்தவள் நான். மாதாவே, என் கையைக் கொண்டுபோய் எங்கே வைக்க என்று இருந்தது.

அடுத்த நாள் ஸ்டோர் அலமாரியைத் திறந்து மோனாவின் பந்தை எடுத்தேன். ஒளித்தெல்லாம் எடுக்கவில்லை. டிபன் கூடையின்மேல் எல்லாரும் பார்க்க வைத்துக்கொண்டு வாசல் வழியாகத்தான் போனேன். ஒரு பக்கம் ரோமம் உதிர்ந்துபோன பழைய டென்னிஸ் பந்து அது.

அண்ணாச்சி கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. சரசக்காவிடம் கொடுத்தேன். "சோறு போடுத கைதான் வேலைய முடிச்சு வைக்கணும்" என்றேன்.

"நானா? இந்த வயசுல பந்து எறியவா?"

"எறிஞ்சு பாருங்க. மொதல்ல அந்தச் சொல்லச் சொல்லுங்க, சத்தமா."

"பினிசு" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். பந்து நடையில் தொங்கின வாழைத்தாரில் பட்டுத் தெறித்து, பருப்பு மூட்டைக்குப் பின்னால் விழுந்தது. மோனா எழுந்தாள். பந்து விழுந்த இடத்தையும் சரசக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாய்ந்தாள். ஒன்பது நாள் பட்டினி கிடந்த உடம்புதான், ஆனாலும் பாய்ந்த வேகத்தில் ஒரு மூட்டை சரிந்தே விழுந்தது. பந்தைக் கவ்விக்கொண்டு வந்து சரசக்காவின் காலடியில் வைத்துவிட்டு, தொப்பென்று அங்கேயே படுத்தாள்.

சரசக்கா அடுப்படிக்கு ஓடினார். நான் தடுத்தேன். அரை மணி நேரம் அந்த அம்மாளைப் பிடித்து உட்கார வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "இன்னும் ஆகலியா? இன்னும் ஆகலியா?" என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டினி கிடந்த வயிறு என்பதால் சோற்றைக் குழைத்து, தட்டில் கொஞ்சமாகத்தான் போடச் சொன்னேன். தட்டு வைத்ததும் மோனா அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். கடைசிப் பருக்கை வரை நக்கினாள். சரசக்கா சுவரில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். அழுததை ஏன் மறைக்க வேண்டும்?

தீப்பெட்டி மூட்டைகளை அன்றே தெருக்கோடியில் அண்ணாச்சி சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு மாற்றினோம். ஆனால் வேலையை மாற்றவில்லை. தினமும் சாயங்காலம் ஒரே ஒரு தீப்பெட்டியைச் சரசக்கா வீட்டில் எங்கேயாவது ஒளித்து வைப்பார். மோனா தேடி உட்காருவாள். "பினிசு", பந்து, அரை மணி நேரம், சோறு. நானும் தினமும் உளுந்து வாங்கப் போனேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் மூன்று வேளையும் தோசைதான்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு ஃபாரம் இருந்தது. சாப்பிடாத நாயைத் திருப்பி எடுத்துக்கொள்ள வந்தவர், தட்டும் பந்தும் நானும் ஒரே நடையில் இருப்பதைப் பார்த்தார். வழக்கம்போல வாசற்படியிலேயே நின்றார்.

"மேடம், இது உளுந்து இல்லை" என்றார்.

நான் பேசுவதற்குள் சரசக்கா முந்திக்கொண்டு, தினமும் நடப்பதை எல்லாம் சொன்னார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "அப்படியென்றால் இது இன்னும் வேலைதான் பார்க்கிறது. பழசை மறக்கவில்லை. ஒத்துப்போகவில்லை என்றுதான் நான் எழுத வேண்டும்" என்றார்.

"வேலை பாத்தாத்தான் அவளுக்குச் சோறு எறங்குது. எனக்குந்தான் எறங்குது. முப்பது வருசமா இந்த வீட்டுல வேலை பாக்கேன், நான் இந்த வீட்டோட ஒத்துப்போகலியா? உள்ள வந்து பாத்துட்டு எழுதுங்க" என்றார் சரசக்கா.

வீட்டுக்காரி கூப்பிட்டபின் மறுக்க முடியவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சரசக்கா மோனாவை அவிழ்த்துவிட்டார். அன்றைக்குத் தீப்பெட்டியை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தோம். மோனா நடையைக் கடந்தாள். அரிசிப் பானை இருந்த பக்கம் போகவே இல்லை. நேரே இன்ஸ்பெக்டர் முன்னால் போய், முன்கால் இரண்டையும் சேர்த்து உட்கார்ந்தாள். அவருடைய பேன்ட் பாக்கெட்டைப் பார்த்தாள். திரும்பிச் சரசக்காவைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகப் பாக்கெட்டுக்குள் கைவிட்டு, ஒரு தீப்பெட்டியை எடுத்தார். கூடவே பாதி காலியான சிகரெட் பாக்கெட்டும் வந்தது. இத்தனை வருஷமாக அவர் ஏன் பத்தடி தள்ளியே நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாய்களுக்குத் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"ஐயா, அவ காத்திருக்கா. நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

காது வரை சிவந்துவிட்டது அவருக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஃபினிஷ்" என்றார். பிறகு, எங்கள் யாருக்கும் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, "குட், மோனா" என்றார். நம்பர் சொல்லவில்லை. சரசக்கா பந்தை எறிந்தார்.

ஃபாரத்தில் "குடும்பத்துடன் ஒத்துப்போகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, அரசுப் பொருளான ஒரு பந்தை அனுமதியின்றி வெளியே கொண்டுசென்றதற்கான மெமோவை எழுந்து நின்று முழுக்க வாசித்து, என் கையில் கொடுத்தார். அவருடைய ஒழுங்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பதாவது பாயிண்டை அவரும் அடித்து நீக்கவில்லை, அவருக்குப் பின் வந்தவர்களும் அடிக்கவில்லை.

மோனா அந்த வீட்டில் நாலு வருஷம் இருந்தாள். கடைசி வாரம் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. தேடிப் போக முடியாது. சரசக்கா தீப்பெட்டியை எடுத்துவந்து அவள் மூக்குக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் வைப்பார். உட்கார முடியாமல், படுத்தபடியே முன்கால் இரண்டையும் இழுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்ப்பாள். "பினிசு, எந் தாயி, பினிசு" என்று சொல்லிப் பந்தை அவள் வாயோரம் வைப்பார். கடைசி நாள் வரை சோற்றை மறுக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற மறுநாள், "இனிமே நீங்க குசினிப் பக்கமே வரக் கூடாதும்மா, எல்லாத்தையும் மறந்துட்டு ரெஸ்ட் எடுங்க" என்று என் மகன் சொன்னான். பாசத்தில்தான் சொன்னான். அகப்பையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

பிள்ளைகளா, நீங்கள் அனுப்பிய தாளை அச்செடுத்து, ஒன்பதாவது பாயிண்டைச் சிவப்பு மையில் அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக எழுதியிருப்பது இதுதான்: "நாயோடு அதன் பந்தையும் கொடுத்து அனுப்பவும். வேலை முடிந்தது என்று சொல்ல, சோறு போடுகிற கைக்குக் கற்றுக்கொடுக்கவும்." கீழே என் பேரை முழுசாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மேலே இருக்கிறவர்கள் யார் அடித்தது என்று கேட்டால், குசினிக்காரி செலின் என்று சொல்லுங்கள். மெமோ கொடுக்க வேண்டும் என்றால், நின்று வாசிக்கத் தெரிந்த ஆளாகப் பார்த்து வீட்டுக்கு அனுப்புங்கள்.